காட்டிக் கொடுக்காத கதாசிரியர்

"துப்பறியும் நாவலா? வேலையற்றவன் படிப்பது!" என்று ஒதுக்கும் தோழர்கள் நம்மில் உண்டு. டாஷியல் ஹாமெட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் வாழ்க்கையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1894-ல் மேரிலாண்டு மாநிலத்தில் பிறந்தவர் அவர். வீட்டின் வறுமை சிறு வயதிலேயே படிப்பை நிறுத்தியது. கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1915-ல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அது எப்படிப்பட்ட நிறுவனம்? திருடனைப் பிடிப்பது ஒரு வேலை; தொழிற்சங்கத்தை உடைப்பது மற்றொரு வேலை! 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் முதலாளி கதவடைப்புச் செய்தபோது, கருங்காலிகளுக்கு வழி திறக்கத் துப்பாக்கியோடு 300 ஆட்களை அனுப்பியது இந்தப் பிங்கர்டன்தான்.

1917-ல் பியூட் நகரத்துச் செப்புச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் திரட்ட வந்த ஃபிராங்க் லிட்டிலை முகமூடிக் கும்பல் நள்ளிரவில் இழுத்துச் சென்று ரயில் பாலத்தில் தூக்கிலிட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அவரைக் கொல்லத் தமக்கு 5,000 டாலர் பேசப்பட்டதாக ஹாமெட் பின்னாளில் சொன்னார் என்று அவருடைய துணைவி, நாடகாசிரியை லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். இதை ஐயுறுவோரும் உண்டு. ஆனால் பிங்கர்டனில் பார்த்ததை ஹாமெட் மறக்கவில்லை என்பதற்கு அவர் நாவலே சாட்சி.

முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தவரைக் காசநோய் பற்றியது. ஓடியாடும் வேலை முடியாமல் போகவே, மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். 1929-ல் 'சிவப்பு அறுவடை' வந்தது. வேலைநிறுத்தத்தை முறியடிக்க ரவுடிகளை அழைத்து வருகிறான் ஒரு சுரங்க முதலாளி. சங்கம் நொறுங்குகிறது, வந்த ரவுடிகளோ ஊரையே பங்குபோட்டுக் கொள்கிறார்கள்! குற்றத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யார் காட்டுவது?

1930-ல் வந்த 'மால்டாப் பருந்து' பின்னர் திரைப்படமாகவும் புகழ் பெற்றது. பணம் குவிந்தது, குடியிலும் கேளிக்கையிலும் கரைந்தது. 1934-க்குப் பிறகு அவர் ஒரு நாவலும் வெளியிடவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1930-களில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1942-ல், 48 வயதில், நோயுற்ற நுரையீரலோடு பாசிசத்தை எதிர்க்கச் சாதாரணச் சிப்பாயாகப் போனார். அலூஷியன் தீவு ஒன்றில் படைவீரர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார்.

1951-ல் சோதனை வந்தது. தண்டனை பெற்ற கட்சித் தலைவர்கள் நால்வர், ஜாமீனில் இருந்தபோது தலைமறைவாயினர். ஜாமீன் நிதியின் பொறுப்பாளர்களில் ஒருவர் ஹாமெட். "நிதி கொடுத்தவர்கள் யார்? பெயரைச் சொல்!" என்றது நீதிமன்றம்.

ஒரு பெயர் வெளிவந்தால் என்ன ஆகும்? அவனுடைய வேலை போகும். வீட்டில் அடுப்பு அணையும். ஹாமெட் வாய் திறக்கவில்லை. ஆறு மாதச் சிறை! ஏறத்தாழ ஐந்து மாதம் உள்ளே இருந்தார். உலகறிந்த எழுத்தாளர் அங்கே கழிவறை கழுவினார்.

ஹெல்மன் எழுதும் செய்திதான் உள்ளத்தைத் தொடுகிறது. நிதி கொடுத்த ஒருவருடைய பெயர்கூட ஹாமெட்டுக்குத் தெரியாதாம்! 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அப்படிச் சொல்லவும் அவர் மறுத்துவிட்டார்.

விடுதலையான பிறகும் விடவில்லை. வரிப் பாக்கி என்று வருமானத்தை முடக்கினார்கள். 1953-ல் மெக்கார்த்தி குழு விசாரித்தது. வெளிநாடுகளில் இருந்த அமெரிக்க அரசு நூலகங்களிலிருந்து அவர் நூல்கள் அகற்றப்பட்டன. 1961 ஜனவரி 10-ல் ஏழையாக மறைந்தார்.

கூலிக்கு வேவு பார்க்கும் நிறுவனத்தில் தொடங்கிய வாழ்வு, காட்டிக் கொடுக்க மறுத்த வாழ்வாக முடிந்தது. உண்டியல் ஏந்தித் தெருத்தெருவாய்ச் செல்லும் தோழர்களே! காசு போட்டவனின் பெயர் உங்களிடம் இருக்கும் அடைக்கலப் பொருள். அதைக் காத்த மனிதனின் கதை இது.