கணினி விளையாட்டில் ஒரு தோட்டத்துக் கத்தி: மேற்பரப்புப் படமும் தமிழ்ச் சொல்லும்



கணினி விளையாட்டில் ஈடுபடுவோர், தம் கதைமாந்தர் ஏந்தும் ஆயுதத்தைத் தாமே வடிவமைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்’ என்னும் விளையாட்டு இவ்வழக்கத்திற்கு ஒரு சந்தையையே திறந்துவிட்டது. ஆடுவோர் வரைந்தளித்த ஆயுத மேற்பூச்சுகள் விளையாட்டுக்குள் ஏற்கப்பட்டு, விலைக்கும் போயின. அம்மேற்பூச்சு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தேய்மான எண் உண்டு. அவ்வெண்ணைப் பொறுத்து, ஆலையிலிருந்து வந்த புதுமை தொடங்கிப் போரில் சிதைந்த நிலை வரை ஐந்து பெயர்கள் வழங்கப்பட்டன. தேய்வை வகைப்படுத்திக் காட்ட அதற்குப் பெயர் வேண்டும் என்பதை விளையாட்டுத் தொழில் உணர்ந்திருந்தது.

ஈப்போவில் பயிலும் மாணவர் ஒருவர், தம் பாட்டனார் ரப்பர்த் தோட்டத்தில் பயன்படுத்திய பாராங் கத்தியை ஒரு விளையாட்டில் இடம்பெறச் செய்ய விரும்புகிறார் எனக் கொள்வோம். வடிவத்தை உருவாக்குவது அவருக்கு அரிதன்று. அக்கத்தி உண்மையானதெனக் காண்போர் நம்பும்படி அதன் மேற்பரப்பை அமைப்பதே அரிது. அதற்குரிய நுட்பத்தையும், அந்நுட்பத்திற்குத் தமிழ்ச் சொல் எவ்வாறு துணைநிற்கிறது என்பதையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஆயுதம் என்னும் சொல்

விளையாட்டு மொழியில் ஆயுதம் என்றால் கொல்லும் கருவி என்றே பொருள். நம் வழக்கில் அச்சொல்லின் பரப்பு பெரிது. ஆயுத பூசையன்று நாம் அரிவாளையும் சுத்தியலையும் வண்டியையும் ஒருசேர வைத்து வணங்குகிறோம். தோட்டத்துப் பாராங் அவ்விரு பொருளையும் தாங்கியது. புதர் வெட்டவும், விறகு பிளக்கவும், பாம்பு வந்தால் அடிக்கவும் அதுவே உதவியது. ஆகவே அதன் உடலில் போரின் தழும்பைக் காட்டிலும் உழைப்பின் தழும்பே மிகுதி. இவ்வேறுபாட்டை அறியாமல் வரைந்தால், எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஒரு பொதுக்கத்தியே திரையில் தோன்றும்.

வடிவமும் தோலும்

கணினியில் ஒரு பொருளின் வடிவம், சிறுசிறு முக்கோணங்களால் ஆன வெற்றுக்கூடு. அதன்மேல் போர்த்தப்படும் படத்தையே ‘டெக்ஸ்ச்சர்’ என்பர். நாம் அதனை மேற்பரப்புப் படம் எனக் குறிப்போம். படம் தட்டையானது, கத்தியோ முப்பரிமாணம் உடையது. எனவே கூட்டின் தோலை முதலில் உரித்து விரிக்க வேண்டும். தம்புன் பம்பளிமாசைக் கீறி, தோலைக் கழற்றி, மேசைமேல் பரப்புவதை ஒத்தது இவ்வேலை. கீறும் கோடுகள் பின்னர்த் தையல்போலத் தெரியக்கூடும். ஆதலால் அலகு பிடிக்குள் நுழையும் இடம், முதுகின் விளிம்பு போன்று இயல்பாகவே மடிப்புள்ள இடங்களில் அவற்றை வைத்தல் நன்று.

இடத்தை மிச்சப்படுத்த, அலகின் இரு பக்கத்திற்கும் ஒரே படத்தைப் பயன்படுத்துவோர் உளர். அவ்வாறு செய்தால் ஒரு பக்கத்துத் துருப்புள்ளி மறுபக்கத்திலும் அதே இடத்தில் தோன்றி, பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஆடுபவரின் கண்ணுக்கு மிக அருகில் இருப்பது கையிலுள்ள ஆயுதமே. அதற்குத் தனித்தனி இடம் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது.

ஐந்து படங்கள்

ஒளி பொருளின்மேல் பட்டு மீளும் முறையை இயற்பியலுக்கு இணங்கக் கணக்கிடுவது இன்றைய வழக்கம். வால்ட் டிஸ்னி அனிமேஷன் நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட வழிமுறை இவ்வழக்கம் பரவப் பெருந்துணை செய்தது. இம்முறையில் ஒரு மேற்பரப்புக்குப் பெரும்பாலும் ஐந்து படங்கள் தேவைப்படுகின்றன.

முதலாவது நிறப்படம். இதில் பொருளின் நிறம் மட்டுமே இருக்க வேண்டும். நிழலோ ஒளிப்பட்டையோ இருத்தலாகாது. விளையாட்டு தன் ஒளியைத் தானே வீசிக்கொள்ளும். ஆகவே கத்தியைப் புகைப்படம் எடுத்துப் பயன்படுத்துவோர், மேகமூட்டமான காலை வேளையில், மின்னொளி வீச்சின்றி எடுக்க வேண்டும்.

இரண்டாவது சொரசொரப்புப் படம். கருமை வழவழப்பையும் வெண்மை சொரசொரப்பையும் குறிக்கும். தீட்டிய வாய்ப்பகுதிக்கு ஏறத்தாழ 0.3, துருவுக்கு ஏறத்தாழ 0.85 என்று தொடங்கிப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். கண் பொருளை இன்னதென்று அறிவது பெரிதும் இப்படத்தால்தான்.

மூன்றாவது உலோகப் படம். ஓரிடம் உலோகமா இல்லையா என்பதை இது உரைக்கும். இரும்பு தன்மேல் படும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. மரமும் காய்ந்த ரப்பர்ப் பாலும் நேரே படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே மேற்பரப்பில் பிரதிபலிக்கின்றன. துரு, இரும்பிலிருந்து பிறந்ததாயினும் உலோகமன்று. அதனை உலோகமாகக் குறித்துவிட்டால், துரு செம்புத் தகடுபோல மின்னும்.

நான்காவது மேடுபள்ளப் படம். சொட்டையையும் கீறலையும் முக்கோணங்களைக் கூட்டாமலே இது காட்டும். மென்பொருளுக்கு மென்பொருள் இதன் பச்சைக் கூறு தலைகீழாக அமைவதுண்டு. பள்ளம் மேடாகத் தெரிந்தால் அதனையே முதலில் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவது இடுக்குநிழல் படம். ஒளி எளிதில் புகாத மூலைகளை இது கருமையாக்கும்.

இவற்றுள் நிறப்படம் ஒன்றே நிறமாகப் படிக்கப்பட வேண்டியது. ஏனையவற்றை வெறும் எண்களாகப் படிக்கும்படி மென்பொருளில் குறித்துவிட வேண்டும். 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கிவரும் பிளெண்டரில் இவ்வேலைகள் அனைத்தையும் பள்ளிகள் செலவின்றிச் செய்ய இயலும்.

கறைக்குக் காரணம் வேண்டும்

தொடக்க நிலையில் உள்ளோர், கத்தி பழையதாகத் தோன்ற வேண்டும் என்று துருவையும் கீறலையும் எங்கும் சமமாகத் தூவிவிடுகின்றனர். உண்மைப் பொருள் அவ்வாறு தேய்வதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் உண்டு.

பாராங்கின் வாயைப் பாருங்கள். அடிக்கடி தீட்டப்படுவதால் அங்குத் துரு தங்காது. சாணைக்கல்லின் கோடுகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். கல்லிலோ கம்பியிலோ பட்ட இடத்தில் வாய் பல் விழுந்திருக்கும். பல்லாண்டு தீட்டியதால் அலகின் நடுப்பகுதி குறுகி, வடிவமே மாறியிருக்கும். முதுகிலோ சாணை படுவதில்லை. அங்குக் கருமை படர்ந்து, மழைநாளின் துரு பொருக்காக எழுந்திருக்கும். அலகின் காம்பு பிடிக்குள் இறங்கும் பூண் அருகே நீர் தேங்கும். ஈரம் மிகுந்த கிந்தா பள்ளத்தாக்கில் துரு முதலில் பற்றுவது அவ்விடத்தையே.

பிடி வேறொரு கதை சொல்லும். உள்ளங்கை அழுந்தும் இடம் வியர்வையாலும் எண்ணெயாலும் மெருகேறி வழவழத்திருக்கும். கை படாத அடிப்பகுதி வெளிறிச் சொரசொரத்து, சிலாம்பு எழுந்திருக்கும். பால் வெட்டிய கையோடு பிடித்த கத்தியாயின் ஒட்டுப்பால் படிந்திருக்கும். அப்பால் வெண்மையாக வந்து, காய்ந்து மஞ்சளாகி, நாளடைவில் பழுப்பேறிக் கருக்கும். 

கெரிசோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தில் மலாய் மக்களின் மரபுப் படைக்கலங்களைக் காணலாம். கெரிசின் அலகு எலுமிச்சைச் சாற்றாலும் பாடாணத்தாலும் கழுவப்படும் மரபுடையது; அதனால் இரும்பு கருத்து, மடித்தடித்த உலோக வரிகள் வெளிறித் தோன்றும். அது பேணப்பட்ட மேற்பரப்பு. பாராங்கினது உழைத்த மேற்பரப்பு. இரண்டுக்கும் ஒரே துருப்படத்தை ஒட்டுவது இரண்டையும் அறியாமையே ஆகும்.

அடுக்கும் அளவும்

காரணங்களை அறிந்தபின் அவற்றைக் காலவரிசையில் அடுக்க வேண்டும். முதலில் கொல்லன் அடித்த இரும்பு, அதன்மேல் உலையின் கருமை, பின்னர்த் துரு, துருவை நீக்கிய சாணைக்கோடு, இறுதியில் பாலும் மண்ணும். வரிசை பிறழ்ந்தால் பொருள் பிறழும். சாணைக்கோட்டின்மேல் துரு படிந்திருந்தால் அக்கத்தி கைவிடப்பட்டது என்றும், துருவை அறுத்துச் சாணைக்கோடு சென்றால் அது நேற்றும் வேலை செய்தது என்றும் காண்போர் உணர்வர். விளையாட்டில் வரும் கத்தி எந்நிலையில் உள்ளது என்பதை முன்னரே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அளவிலும் கட்டுப்பாடு தேவை. பக்கத்திற்கு 2048 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தில் 41,94,304 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட்டு என்றால் ஒரு படமே 16 மெகாபைட்டு நினைவகத்தை விழுங்கும். புள்ளிக்கு 1 பைட்டாகச் சுருக்கும் முறைகளால் அதனை 4 மெகாபைட்டாகக் குறைக்கலாம். 4096 புள்ளிக்குச் சென்றால் இவ்வளவுகள் நான்கு மடங்காகும். முடிவில் கத்தியை நண்பகல் வெயில், அந்தி, விளக்கொளி ஆகிய மூன்றிலும் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஓர் ஒளியில் மட்டும் அழகாகத் தோன்றும் படம் இன்னும் முடியவில்லை என்றே கொள்க.

சொல் மறைந்தால்

இதுவரை நாம் பயன்படுத்திய சொற்களை எண்ணிப் பாருங்கள்: அலகு, வாய், முதுகு, காம்பு, பூண், சாணை, பொருக்கு, சொட்டை, சிலாம்பு, ஒட்டுப்பால். இவை கொல்லரும் தச்சரும் தோட்டத் தொழிலாளரும் வழங்கியவை. ஒவ்வொன்றும் மேற்பரப்பின் ஒரு கூற்றைச் சுட்டிக்காட்டுகின்றது. பொருக்கு என்னும் சொல்லை அறிந்தவர், துருவில் உதிரும் ஏடுகளைத் தேடுவார். அறியாதவர் செந்நிறம் ஒன்றையே பூசிவிடுவார்.

பேராக்கில் ரப்பர் 1877இல் குவாலா கங்சாரில் வேரூன்றியது. அந்நாளில் நட்ட கன்றுகளுள் ஒன்றெனப் போற்றப்படும் மரம் அவ்வூர் மாவட்ட அலுவலகத்தருகே பாதுகாக்கப்பட்டு வருகின்றது. மரத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு, அதை வெட்டிய கருவிக்கும் கருவியின் சொல்லுக்கும் கிடைக்கவில்லை. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. லயங்களிலிருந்து மக்கள் நகருக்குப் பெயர்ந்தபோது கத்திகள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றை நாள்தோறும் பிடித்த கைகள் இன்று முதுமை எய்திவிட்டன. எந்தக் கறை எதனால் வந்தது என்று சொல்லக்கூடியவர் அவர்களே. அவர்களிடம் கேளாமல் நாம் வரையும் கத்தி, அயலார் தொகுத்து விற்கும் படத்தொகுதியின் கத்தியாகவே இருக்கும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ அண்டையிலோ எஞ்சியுள்ள ஒரு கருவியைத் தேர்ந்து, அதனைப் பயன்படுத்திய முதியவரோடு அமரட்டும். கருவியில் காணும் ஒவ்வொரு அடையாளத்திற்கும் இடம், சொல், காரணம் என்று மூன்று பத்திகளில் குறிப்பெழுதட்டும். பின்னர்க் கணினியில் மேற்பரப்பை அமைக்கும்போது, அடுக்குகளுக்கு எண்ணிடுவதை விடுத்து, ‘பூணடித் துரு’, ‘சாணைக்கோடு’, ‘ஒட்டுப்பால் கறை’ என அச்சொற்களையே பெயராக இடட்டும். பிளெண்டர் தமிழ் எழுத்துகளைப் பெயராக ஏற்கும். முடிந்த கத்தியை அம்முதியவருக்கே திரையில் சுழற்றிக் காட்டி, எங்கே பிழை என்று கேட்கட்டும். அவர் சொல்லும் திருத்தத்தைக் குறிப்பேட்டிலும் படத்திலும் ஒருங்கே சேர்த்துக்கொண்டால், மொழிப்பாடமும் கலைப்பாடமும் ஒரே வேளையில் நிறைவுறும்.