கொம்பைப் பார்த்து எருமை வாங்கலாமா?

'பத்து மாதம் சுமந்தாள்' என்று அம்மாவைப் பற்றிச் சொல்கிறோமே, அந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்துவது எருமைக்குத்தான், தெரியுமா? சினைக்காலம் சுமார் 310 நாள். பத்து மாதம், பத்து நாள்! பசு 280 நாளிலேயே ஈன்றுவிடும். இப்போது கழித்துப் பாருங்கள். 365-இல் 310 போனால் மிச்சம் 55. வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 55 நாளுக்குள் எருமை மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே ஒரு மாதம் ஓடிவிடுமே! அதனால் 13, 14 மாதத்துக்கு ஓர் ஈற்று என்று தவறாமல் ஈனும் எருமை கிடைத்தால் அது பொக்கிஷம். அதன் கிடேரியை விற்றுவிடாதீர்கள்.

சந்தையில் நாம் பார்ப்பது என்ன? ஹரியானா முர்ரா என்றால் முறுக்குப் போலச் சுருண்ட கொம்பு, கரிக்கறுப்பு, அகன்ற மடி, புடைத்த பால் நரம்பு. கொம்பும் நிறமும் இனத்தைச் சொல்லும். மடியும் நரம்பும் பாலைச் சொல்லும். சினை பிடிக்குமா? அதை இவற்றில் எதுவும் சொல்லாது!

எருமை மேல் மழை பெய்தாற்போல என்பார்கள். பருவத்துக்கு வந்தாலும் அதே கதைதான்! கோடையில் வருவது பெரும்பாலும் ஊமைப் பருவம். கத்தாது, தாவாது, ராத்திரியில் வந்து விடியுமுன் அடங்கிவிடவும் செய்யும். விடிகாலையில் டார்ச்சோடு தொழுவத்துக்குப் போய், படுத்திருக்கும் எருமையின் வால் பக்கம் தரையைப் பாருங்கள். கண்ணாடி இழைபோல வழும்பு மினுங்குகிறதா? உடனே சினை ஊசிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். தூங்கிவிட்டால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்துத்தான். பருவத்தை வெளிப்படையாகக் காட்டும் எருமைக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும் என்பேன்.

இன்னொன்று கேளுங்கள். பசுக் கிடேரியின் சினைப்பையில் ஒரு லட்சத்துக்கு மேல் முட்டை நுண்பைகள். எருமைக் கிடேரிக்கோ பத்து, இருபதாயிரம்தான்! அதனால்தான் கருமுட்டை எடுக்க எருமையைத் தேர்வு செய்பவர்கள் ஸ்கேனில் நுண்பைகளை எண்ணுகிறார்கள், ரத்தத்தில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோனையும் அளக்கிறார்கள். எருமைக்கு எருமை எண்ணிக்கை மலையும் மடுவுமாக மாறும். ஒரே எருமையில் பெரிதாக மாறாது!

பகல் குறையக் குறையத்தான் எருமைக்குப் பருவம் சூடுபிடிக்கும். இத்தாலியிலோ மொசரெல்லா பாலாடைக்கட்டிக்குக் கோடையில்தான் கிராக்கி. அதனால் கோடையில் பால் கிடைக்கும்படி ஈற்றைத் தள்ளிவைக்க, இலையுதிர் காலத்தில் கடாவைப் பிரித்துவிடுகிறார்கள். நீண்ட பகலிலும் சினை பிடிக்கும் எருமைக்கே பண்ணையில் மவுசு! அமேசான் கரையில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. அங்கே எருமைகள் வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வருகின்றன.

கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2010-இல் 'கரிமா-2' என்ற எருமைக் கன்றைக் குளோனிங்கில் உருவாக்கினார்கள். நகல் கன்று வளர்ந்து சினை பிடிக்குமா? பிடித்தது. 2013 ஜனவரி 25 அன்று 'மஹிமா' என்ற கிடேரியைத் தானே ஈன்றது!