கடல் தாண்டி ஊருக்கு: தீவிர நோயுள்ள அந்தமான் தமிழர்களின் பயணம்

தீவும் ஊரும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோர் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்ட் பிளேரிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. எத்தனை தலைமுறை ஆனாலும் குலதெய்வக் கோயில், காதுகுத்து, கல்யாணம், பங்காளி வீட்டுத் துக்கம் என்று ‘மெயின்லேண்ட்’ போய்வருவது நிற்பதில்லை. உடம்புக்கு முடியாமல் போனால் ஊர் நினைப்பு இன்னும் கூடிவிடும்.

சிறுநீரகம் செயலிழந்தவரோ, கீமோ எடுப்பவரோ, இதயம் பலவீனமானவரோ ஊருக்குப் போகவே கூடாது என்று சொல்ல மருத்துவத்தில் பெரும்பாலும் காரணம் இல்லை. ஆனால் எந்த நாளில் போவது, எதில் போவது, அங்கே எந்த மருத்துவமனை என்ற மூன்றையும் முடிவு செய்ய வேண்டியது திருவிழாத் தேதியல்ல, சிகிச்சை அட்டவணைதான்.

கப்பலா, விமானமா

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே கடல்வழி ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஹாடோ துறைமுகத்தில் ஏறும் கப்பலுக்கு இரண்டரை முதல் மூன்று நாள் பிடிக்கும். கடல் மோசமானால் அதற்கும் மேல். கட்டணம் குறைவு என்பதால் பங்க் வகுப்பில் குடும்பமாகப் போகிறவர்கள் இன்றும் உண்டு. கப்பலில் மருத்துவர் இருந்தாலும் நடுக்கடலில் டயாலிசிஸ் கிடையாது, ரத்தம் ஏற்ற வழியில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லை. கரை தெரியாத இரண்டு நாட்களை உடம்பு தாங்குமா என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுப்பது நல்லது.

கடல் குமட்டலைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர் டாக்ரோலிமஸ் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை விழுங்க வேண்டும். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தால் மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கும் இதே சிக்கல். திடீரென மருந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும். வாந்தி எடுத்தால் மறுபடி எத்தனை மாத்திரை, எத்தனை நேரத்துக்குள் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விமானத்தின் சிக்கல் வேறு. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைகிறது. நல்ல உடம்புக்கு இது தெரியாது. தரையிலேயே ஆக்சிஜன் அளவு 92 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டுபவருக்கு வழியில் ஆக்சிஜன் தேவைப்படும். ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழ் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். மாரடைப்புக்குப் பின்னும், வயிறு அல்லது நெஞ்சு அறுவைக்குப் பின்னும் குறைந்தது பத்து நாள் பொறுப்பது வழக்கம். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவர் அது முழுதாக வடிந்தது எக்ஸ்ரேயில் தெரியும் வரை பறக்கக் கூடாது. சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியை முன் அனுமதியோடு கொண்டுபோகலாம்; பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சார்ஜ் இருக்க வேண்டும். இத்தகைய பயணிக்கு விமான நிறுவனம் மருத்துவத் தகுதிப் படிவம் கேட்கும். அதை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும், பறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அனுப்பவும் வேண்டும்.

இவையெல்லாம் போர்ட் பிளேரில் இருப்பவருக்கு. சுமார் 540 கிலோமீட்டர் தெற்கே கேம்பல் பேயில் இருக்கும் நோயாளிக்கு விமான நிலையத்தை எட்டுவதே தனிக் கடற்பயணம். தீவுகளுக்கு இடையிலான கப்பல், மழைக்காலத்தில் சொன்ன நாளில் வரும் என்று எண்ணிச் சென்னை டிக்கெட்டை மறுநாளுக்கு எடுப்பது வீண். நடுவில் சில நாட்கள் போர்ட் பிளேரில் தங்கும்படி திட்டமிட்டால் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் கடைசிப் பரிசோதனைகளையும் முடித்துவிடலாம்.

டயாலிசிஸ் செய்பவர்கள்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கப்படுகிறது. இடைப்பட்ட நாட்களில் குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்குகிறது, பொட்டாசியமும் ஏறுகிறது. வாரத்தில் ஒரே ஒரு முறை வரும் இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகே மாரடைப்பும் மூச்சுத்திணறலும் கூடுதலாக நிகழ்கின்றன.

திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் செய்பவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளி மதியம் முடித்துவிட்டு, சனிக்கிழமை கப்பலேறினால் சென்னையில் இறங்குவது திங்கள் இரவோ செவ்வாய்க்கிழமையோ. அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். திங்கட்கிழமை முறை தவறி, இடைவெளி நான்கு நாளாக நீண்டுவிடும். இவருக்குக் கப்பல் கூடவே கூடாது. அதே ஆள் சனிக்கிழமை விமானத்தில் வந்து இரவு சென்னையில் தங்கி, ஞாயிறு ஊர் சேர்ந்து, திங்கள் காலை தஞ்சாவூரில் ஊசி குத்திக்கொண்டால் ஒரு முறையும் தவறாது. வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நாள் கணக்குத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு லிட்டர் பைகள் தினம் மூன்று நான்கு தேவை. பை மாற்றச் சுத்தமான மூலை வேண்டும். பங்க் வகுப்பில் அப்படி ஒரு இடம் கிடைக்காது.

போகும் ஊரில் இயந்திரம் இருப்பது மட்டும் போதாது, அதில் காலி நேரமும் இருக்க வேண்டும். தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தனியார் மையங்களிலும் இயந்திரங்கள் ஷிஃப்ட் முறையில் உள்ளூர் நோயாளிகளுக்கே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் முன்னதாகக் கேட்டு வைக்க வேண்டும். அந்த மையம் கேட்கும் முதல் காகிதம் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை முடிவு. பி வகை இருந்தால் தனி இயந்திரம் ஒதுக்குவார்கள். அதோடு கடைசி மூன்று டயாலிசிஸ் குறிப்பு, நீர் எடுத்த பின் இருக்க வேண்டிய எடை, ஹெப்பாரின் அளவு, டயாலிசிஸ் ஊசி குத்தும் ஃபிஸ்டுலா எந்தக் கையில், ஒவ்வாமை உள்ள மருந்து ஆகியவை ஒரே தாளில் இருந்தால் புது நர்ஸுக்கும் வேலை சுலபம். ஃபிஸ்டுலா உள்ள கையில் பெட்டி தூக்கக் கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடுவதும் தவறு. கப்பல் படியில் ஏறும்போது அன்பாகக் கையைப் பிடித்து இழுக்கும் உறவினரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

ரத்தம் ஊற உதவும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி ஃபிளாஸ்கில் வைத்துக் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் மருந்து உறைந்து கெடலாம். பெட்டி வேறு விமானத்தில் போய்விடவும் கூடும்.

விருந்து

ஊரில் நோயாளியைப் படுக்க வைப்பது பல நேரம் உபசரிப்புத்தான். வெயிலில் வந்தவருக்கு இளநீர் வெட்டித் தருவார்கள். ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கும் மேல் பொட்டாசியம் உண்டு. டயாலிசிஸ் செய்பவருக்கு நாள் முழுதும் அனுமதி சுமார் 2,000 மில்லிகிராம். பின்னாலேயே பலாச்சுளை, வாழைப்பழம், சாம்பார் என்று வந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். ரத்தத்தில் பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நிற்கலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பு தாகத்தைக் கூட்டும்; தாகம் எடையைக் கூட்டும். 50 கிலோ உள்ளவர் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். ஊர்ச் சமையலறையில் இதைப் பக்குவமாகச் சொல்ல நோயாளியைவிட உடன் வருபவரே பொருத்தமானவர்.

உறவினர் தரும் சூரணமும் கஷாயமும் வேறு வகை ஆபத்து. சிறுநீரகத்தை நேராகத் தாக்கும் மூலிகைகள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குப் பம்பளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடக்கூடும். சிறுநீரக நோய் உள்ள எவரும் ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று மூளையைத் தாக்கும்.

கீமோவுக்கு நடுவில்

கீமோ மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. கூட்டம், கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் தோதான காலம் அடுத்த சுற்றுக்கு முந்தைய வாரம். கையில் மருந்து ஏற்றும் பிக் குழாய் இருந்தால் வாரம் ஒரு முறை கழுவிக் கட்டு மாற்றுவது ஊரில் எங்கே என்று விசாரித்து வைக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்பது தவறு. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், கீமோ எடுப்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது.

பங்குனி, சித்திரை திருவிழாக் காலம் அம்மைக் காலமும்தான். அம்மை போட்ட வீட்டுக்கு இவர்கள் போகக் கூடாது. தெரியாமல் போய்விட்டால் கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொன்னால் தடுப்பு மருந்துக்கு வாய்ப்பு உண்டு.

தீவிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்வது

தமிழக மருத்துவர் நினைத்துப் பார்க்காத இரண்டு காய்ச்சல்கள் தீவுப் பயணியிடம் இருக்கலாம். ஒன்று, நிக்கோபார் பகுதியின் மலேரியா. கொசு கடித்துச் சில வாரம் கழித்தும் வெளிப்படும். மற்றது எலிக்காய்ச்சல். 1980-களின் இறுதியில் டிக்லிபூர்ப் பகுதியில் பலரைக் கொன்ற ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ லெப்டோஸ்பைரா கிருமியால் வந்தது என்று பின்னர் உறுதியாயிற்று. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு இரண்டுமே வேகமாக முற்றும். ஊர் பெயரைக் கேட்டால் திருவாடானை என்று மட்டும் சொல்லாமல், போன வாரம் வரை அந்தமானில் இருந்ததையும் சொன்னால் சரியான ரத்தப் பரிசோதனை முதல் நாளே நடக்கும்.

அட்டையும் காப்பீடும்

தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு. பூர்வீக வீடு இருப்பதால் மட்டும் தீவுவாசிக்கு அது கிடைக்காது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ளவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை நாட்டின் எந்தப் பகுதியிலும் செல்லும். 2024 முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. தீவு நிர்வாகத்தின் அனிஷி காப்பீடும் தனியாக உண்டு. எந்த அட்டையானாலும், குறித்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, தீவு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்று கிளம்பும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேலூர் சி.எம்.சி.யிலோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ மறுபரிசோதனை இருப்பவர்கள் அந்தத் தேதியை ஒட்டி ஊர்ப் பயணத்தை வைத்துக்கொள்கிறார்கள். செலவு, அலைச்சல் இரண்டும் மிச்சம், நல்ல வழக்கம்.

நோய் முற்றிய நிலையில்

குணமாகாது என்று தெரிந்த பின் கடைசியாக ஒருமுறை ஊரைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு முதல் தேவை வலி மருந்து. மார்ஃபின் மாத்திரையை வழங்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மட்டுமே தரும். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடைமுறை எளிதானாலும், பக்கத்து மருந்துக் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. தங்கும் நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் வேண்டியதை, மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டோடு எடுத்துப்போக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருகிறது. அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

திரும்பி வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் குடும்பம் பேசியாக வேண்டும். கேட்கவே கசப்பான பேச்சுதான். தள்ளிப்போட்டால் இன்னும் கசக்கும். உடலை விமானத்தில் கொண்டுவர இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, மூடிய பெட்டி ஆகியவை கேட்கப்படும்; சரக்குக் கட்டணமும் உண்டு. அடக்கமோ தகனமோ ஊரிலேயே என்று நோயாளியே முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு அலைச்சல் குறையும். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடமே 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை எல்லாம் தீவில் இருப்பதால் சான்றிதழில் நான்கைந்து பிரதிகள் வாங்கிக்கொண்டு திரும்புவது உதவும்.