‘முஸ்தபா’ கேம் மெஷின் ஏன் செத்துப்போனது? ரிப்பேருக்குத் தடை கம்ப்யூட்டரா, பூட்டா?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் வேடசந்தூரை நெருங்கினாலே ஸ்பின்னிங் மில்கள் வரிசை கட்டும். அந்த மில்களில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவரிடம் ஒரு வீடியோ கேம் மெஷினின் பின்கதவைத் திறந்து காட்டினால், உள்ளே இருப்பதில் முக்கால்வாசி அவருக்கு அத்துப்படியாக இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்., ஃபியூஸ், மைக்ரோ ஸ்விட்ச், ரிலே, கனெக்டர். ஆட்டோகோனர் நின்றால் அவர் பார்க்கிற அதே சாமான்கள்தான்.

அப்புறம் ஏன் பொருட்காட்சியிலும் மால் கேம் ஸோனிலும் ‘வேலை செய்யவில்லை’ என்று சீட்டு ஒட்டிய மெஷின்கள் நிற்கின்றன? “கம்ப்யூட்டர் வெச்சதுப்பா, அதான் சீக்கிரம் போயிடுது” என்பார்கள். அது பாதிதான் சரி.

முதலில் பழுதாவது எது?

காசு போடும் பெட்டி, பட்டன், ஜாய்ஸ்டிக். அதாவது கை படும் இடங்கள். சாய்வுப் பலகையில் இரும்புக் குண்டு உருளும் பின்பால் மெஷினில் இது இன்னும் அதிகம். குண்டு இடித்துக்கொண்டே இருப்பதால் ரப்பர் அறும், ஸ்விட்ச் வளையும், காயில் சூடாகும். இவற்றில் எதற்கும் கம்ப்யூட்டர் காரணமில்லை. சொல்லப்போனால் கம்ப்யூட்டர் இங்கே உதவிதான் செய்தது. 1970களின் கடைசியில் பின்பாலில் மைக்ரோபிராசஸர் வந்த பிறகு, மெஷினே தன்னைச் சோதித்து எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று காட்டத் தொடங்கியது. அதற்கு முந்தைய ரிலே மெஷினில் வயர் வயராகத் தேட வேண்டும்.

அடுத்தது கரண்டும் வெயிலும். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. தகர ஷெட்டில், ஃபேனை அடைத்த தூசியோடு, நம்ம ஊர்க் கோடையில் ஒரு மெஷின் ஓடினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கெப்பாசிட்டர் சில ரூபாய் சமாச்சாரம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

சரி, முஸ்தபாவுக்கு வருவோம்

90களில் பார்லரில் காசு போட்டு விளையாடியவர்களுக்கு ‘முஸ்தபா’ மறக்காது. அந்த கேமின் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. முஸ்தபா அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர், நம்ம ஊரில் அதுவே கேமின் பெயராகிவிட்டது.

அதன் அசல் போர்டில் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. நகல் எடுக்கக் கூடாது என்பதற்காக புரோகிராமைப் பூட்டி, அதைத் திறக்கும் சாவி எண்களை அந்த பேட்டரியின் தயவில் நிற்கும் மெமரியில் வைத்தார்கள். சில வருடங்களில் பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். புது பேட்டரி போட்டாலும் திரும்ப வராது. போர்டில் ஒரு பாகமும் எரியவில்லை, ஆனாலும் கேம் ஒழுங்காக ஓடாது. அதே ஆண்டு காப்காம் கொண்டுவந்த சி.பி.எஸ்.-2 போர்டுகளிலும் இதே ஏற்பாடுதான். இதற்கு ‘தற்கொலை பேட்டரி’ என்றே பெயர் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், திருட்டு நகல் போர்டுகள் பலவற்றில் இந்தப் பூட்டு கிடையாது. காசு கொடுத்து அசலை வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். சி.பி.எஸ்.-2 பூட்டை 2001இல்தான் ஆர்வலர்கள் முதலில் உடைத்தார்கள். 2007இல் அதன் முறை முழுதாகத் தெரிந்தது. பிறகு செத்த போர்டுகளுக்கே சாவியைத் திரும்ப ஏற்றவும் வழி கண்டார்கள். இதில் எதுவும் கம்பெனி தந்த சர்வீஸ் இல்லை.

இப்போதைய மெஷின்கள்?

1985இல் ஜப்பானில் ‘ஜாம்மா’ என்ற பொது இணைப்பு முறை வந்தது. 56 முனை கொண்ட ஒரே கனெக்டர். ஒரு போர்டு போனால் உருவி எடுத்து வேறு கேம் போர்டைச் செருகலாம், பெட்டி அதேதான். 2000க்குப் பிறகு கதை மாறியது. டைட்டோவின் ‘டைப் எக்ஸ்’, சேகாவின் ‘லிண்ட்பெர்க்’ போன்றவை அடிப்படையில் பி.சி.தான். ஒன்று விண்டோஸில் ஓடும், மற்றது லினக்ஸில். ரேம், பவர் சப்ளை எல்லாம் திண்டுக்கல் கம்ப்யூட்டர் கடையிலேயே கிடைக்கக்கூடிய வகை. ஹார்டு டிஸ்க்கும் கிடைக்கும். ஆனால் அதில் இருந்த கேம்? கூடவே வரும் டாங்கிள் என்ற சாவி? அது தொலைந்தால் பெட்டி வெறும் பழைய பி.சி. பின்பாலிலும், ஸ்டெர்ன் நிறுவனம் 2015 முதல் பயன்படுத்தும் ‘ஸ்பைக்’ முறையில் பொடிப்பொடிப் பாகங்கள் ஒட்டிய போர்டுகள் மெஷின் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஒரு பாகத்தை மாற்றுவதைவிட முழுப் போர்டையே மாற்றுவதுதான் எளிது.

மில் கார்டு போனால் கோவைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்க ஆள் இருக்கிறது. கேம் மெஷினுக்கு அந்த அளவு வியாபாரம் இங்கே இல்லை, அதனால் சர்க்யூட் படம் கைவசம் இருப்பவரும் அபூர்வம்.

சட்டம் உதவுமா?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘ரிப்பேர் உரிமை’க்காகக் குழு அமைத்தது, டிசம்பர் 24இல் இணையதளமும் திறந்தது. அதில் எடுத்துக்கொண்டவை நான்கு துறைகள்: விவசாயக் கருவிகள், செல்போன்-டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். கேம் மெஷின் இல்லை. நம்ம மில் மெஷினும் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆகவே பழைய மெஷின் வாங்கிக் கடை போட நினைப்பவர்கள் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீங்க. டாங்கிள் இருக்கா, டிஸ்க்குக்குக் காப்பி இருக்கா, மேனுவல் தருவாங்களா என்று முதலில் கேளுங்க. ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, சூடான பிறகும் நிற்காமல் ஓடுகிறதா பாருங்க. அமெரிக்க பின்பால் என்றால், 90களின் வில்லியம்ஸ் மெஷினில் சி.பி.யூ. போர்டிலேயே மூன்று பென்சில் செல் இருக்கும். சீசன் முடிந்து மூடி வைக்கும்போது அதைக் கழற்றிடுங்க. செட்டிங் அழியும், திரும்ப வைத்துக்கொள்ளலாம். செல் ஒழுகி போர்டு அரித்துப்போனால்தான் உண்மையிலேயே செலவு.