நாட்டை உலுக்கிய பத்து ஆண்டுகள்: வாக்காளர் கற்ற பாடம்

352, 154, 353. இவை ரெயில் வண்டிகளின் எண்கள் அல்ல. 1971, 1977, 1980-ம் ஆண்டுகளில் நடந்த பாராளுமன்றத் தேர்தல்களில் இந்திரா காந்தி தலைமையில் காங்கிரஸ் பெற்ற இடங்கள்!

ஒரே தலைவியை மக்கள் உச்சியில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடியும் ஏற்றினார்கள். அதற்கு முன்பு டெல்லி ஆட்சியை ஓட்டுச்சீட்டால் மாற்ற முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. 1977-க்குப் பிறகு அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு நாடு கொடுத்த விலை கொஞ்சமல்ல.

வெற்றியும் விலைவாசியும்

"வறுமையே வெளியேறு" என்ற கோஷத்துடன் 1971 மார்ச்சில் இந்திரா காந்தி வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில் இந்தியா வெற்றி பெற்று, வங்காளதேசம் பிறந்தது. நாடே கொண்டாடியது.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. சுமார் ஒரு கோடி அகதிகளைக் காப்பாற்றிய செலவு, போர்ச் செலவு, 1972-ல் மராட்டியத்தை வாட்டிய வறட்சி, 1973 இறுதியில் பல மடங்கு ஏறிய கச்சா எண்ணெய் விலை என்று அடி மேல் அடி விழுந்தது. 1974-ல் விலைவாசி விஷம் போல் ஏறியது.

ஆமதாபாத்தில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். மாணவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். 1974 பிப்ரவரியில் குஜராத் முதல்-மந்திரி சிமன்பாய் பட்டேல் பதவி விலக நேர்ந்தது. பீகாரில் மாணவர் கிளர்ச்சிக்கு ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமை ஏற்று, ஜூன் 5-ந் தேதி பாட்னா காந்தி மைதானத்தில் "முழுப்புரட்சி"க்கு அழைப்பு விடுத்தார்.

ரெயில்வே வேலைநிறுத்தம்

இதற்கு நடுவே, மே 8-ந் தேதி ரெயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. என்ஜின் ஓட்டுபவர்களுக்கு 8 மணி நேர வேலை, போனஸ், விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி ஆகியவை முக்கிய கோரிக்கைகள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூரில் பிறந்து, பம்பாயில் தொழிற்சங்கம் வளர்த்தவர். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே அவர் கைது செய்யப்பட்டார்.

ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். பலருக்கு வேலை போயிற்று. குவார்ட்டர்சில் இருந்து குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேற்றப்பட்டன. மே 27-ந் தேதி போராட்டம் கைவிடப்பட்டது. கோரிக்கைகள் நிறைவேறவில்லை. பின்னால் நாடு முழுவதும் வரப்போகும் அடக்குமுறையை ரெயில்வே காலனிகள் ஓராண்டு முன்னதாகவே பார்த்துவிட்டன.

21 மாதங்கள்

1975 ஜூன் 12-ந் தேதி, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் ஐகோர்ட்டு தீர்ப்பு கூறியது. 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. அன்று இரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

ரெயில்கள் நேரப்படி ஓடுகின்றன என்று பெருமை பேசினார்கள். ஆனால் யார் எங்கே கைதானார் என்று பத்திரிகையில் போட முடியவில்லை. விசாரணை இன்றி அடைபட்டவர்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1976 ஜனவரி 31-ந் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. வட மாநிலங்களில் பலரைக் கட்டாயப்படுத்தியே செய்தார்கள்.

இவ்விதம் கைதானவர் கோர்ட்டுக்கு வந்து விடுதலை கேட்க முடியாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வேறொருவருக்குப் போயிற்று.

திரையில் வந்த கோபம்

காதல் பாட்டுப் பாடிய இந்தி சினிமா நாயகன் இந்தக் காலத்தில்தான் கோபக்காரன் ஆனான். 1973-ல் வந்த "ஜஞ்சீர்" அமிதாப் பச்சனை அப்படிக் காட்டியது. 1975-ல் வந்த "தீவார்" படத்தில் அவர் மாமூல் கொடுக்க மறுக்கும் பம்பாய் துறைமுகக் கூலி. தியேட்டரில் கைதட்டியவர்களில் பலர் அதே மாதிரி வேலை பார்த்தவர்கள்.

அதே ஆண்டு வந்த "ஷோலே" பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகள் ஓடியது. கொள்ளைக்காரனைத் தாக்கூர் கொல்வதாக எடுத்த முடிவை, தணிக்கையினர் ஆட்சேபித்ததால், போலீசார் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். அரசு நிகழ்ச்சியில் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாடல்கள் வானொலியில் நிறுத்தப்பட்டன.

பெட்டி திறந்தபோது

1977 மார்ச்சில் தேர்தல். உத்தரபிரதேசத்தின் 85 இடங்களிலும், பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். சிறையில் இருந்தபடியே பெர்னாண்டஸ், முசாபர்பூரில் 3 லட்சம் ஓட்டுக்கும் கூடுதலாகப் பெற்று வென்றார். பம்பாய் நகரின் 6 தொகுதிகளையும் எதிர்க்கட்சிகளே பிடித்தன. வடகிழக்கு பம்பாயில் வென்றவர் சென்னை மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியசாமி.

ஆனால் தமிழ்நாட்டில் 39 இடங்களில் 30-க்கும் மேல் அ.தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கே கிடைத்தன. ஊரிலிருந்து வந்த கடிதம் ஒரு கதை சொல்ல, பம்பாய்த் தமிழர் கண்டது வேறு கதை. கட்டாய ஆபரேஷனின் கொடுமை தெற்கே அந்த அளவுக்கு எட்டவில்லை.

ஜனதா ஆட்சியில் ரெயில்வே மந்திரி மது தண்டவதே, வேலை இழந்த ரெயில்வே ஊழியர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைகளுக்கு மெத்தை போட்டதும் அவரே. கோகோ கோலா 1977-ல் நாட்டை விட்டு வெளியேறியது. கேட்டுத் தோற்ற போனசும், உற்பத்தியுடன் இணைத்து 1979-80-ல் ரெயில்வேக்கு வந்தது.

மாறிய சொல்

ஜனதா தலைவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டு ஆட்சியை இழந்தார்கள். 1980 ஜனவரியில் மக்கள் இந்திரா காந்தியை மீண்டும் அழைத்தார்கள். அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீணா?

இல்லை. 1978-ல் வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம் முக்கியமானது. அதுவரை "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடிந்தது. அந்தச் சொல்லை நீக்கி "ஆயுதக் கிளர்ச்சி" என்று எழுதினார்கள். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றும் சேர்த்தார்கள்.

திரும்பி வந்த இந்திரா காந்தியும் அந்தத் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டே ஆட்சி நடத்தினார். அவருக்குப் பின் வந்த பிரதமர்களுக்கும் அதுவே சட்டம். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தாலும், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். இந்த உரிமைக்காகத்தான் அத்தனை பேர் சிறையில் கிடந்தார்கள்.