கடைசி வரிசை மனை வேண்டாம்

கோவையின் மேற்கே மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். மருதமலைச் சாலையிலோ தொண்டாமுத்தூர்ச் சாலையிலோ ஒரு லேஅவுட் முன்னால் வண்டி நிற்கும். கல் நட்டு, தார் போட்டு, வாசலில் பெரிய கேட் வைத்திருப்பார்கள். புரோக்கர் இறங்கியதும் கையை நீட்டி, "அந்த வேலியைத் தாண்டினா மலைதானுங்க" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே கடைசி வரிசையில் சென்ட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

மலையடிவாரத்தில் குடியிருக்க ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கத்து வீடுகளை மின்விசிறி இல்லாமலே குளிர வைத்துவிடும். வடவள்ளி, வீரகேரளம் போன்ற ஊர்கள் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. நகரத்துக்குள் வேலைக்குப் போய்வர பஸ் இருக்கிறது. காலையில் மருதமலைப் படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பலாம். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி குளக்கரைகளில் நடக்கலாம். சிறுவாணி ரோட்டில் விடிகாலையில் சைக்கிள் மிதிப்பவர்களைக் கேட்டால், வேறு ஊருக்குக் குடிபோக மாட்டேன் என்பார்கள்.

இவற்றில் எதற்கும் காட்டு வேலியோரம் வீடு தேவையில்லை என்பதைத்தான் வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. வேலிக்கு அப்பால் இருப்பது காப்புக்காடு. அனுமதியில்லாமல் கால் வைத்தால் வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. இப்போது அரசு திறந்துவிட்டிருக்கும் பாதைகளில் இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். வெள்ளியங்கிரி ஏறுவதற்கும் கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். கடைசி வரிசைக்காரருக்கும் இரண்டு கிலோமீட்டர் கீழே இருப்பவருக்கும் மலை ஒரே அளவுக்குத்தான் திறந்திருக்கிறது.

சாயங்காலம் ஆனால் கணக்கு இன்னும் மாறும். வாளையாறு, மதுக்கரையிலிருந்து போளுவாம்பட்டி, தடாகம் வழியாக மேட்டுப்பாளையம் வரை இந்த அடிவாரம் முழுக்க யானைகள் நடக்கிற தடம். பலா பழுக்கும் மாதங்களில் வாசனையே அவற்றை ஊருக்குள் அழைத்து வந்துவிடும். ரேஷன் அரிசி, உப்பு, மாட்டுக்கு வைத்த புண்ணாக்கு எதுவாக இருந்தாலும் மோப்பம் பிடித்து, சமையலறைச் சுவரையோ கடையின் ஷட்டரையோ பெயர்த்துவிட்டுத் துதிக்கையை உள்ளே விடும். இருட்டிய பிறகு காட்டோரத் தெருவில் யாரும் காலாற நடப்பதில்லை. நடப்பதற்காக மலையடிவாரத்துக்கு வந்தவர், ஆறரை மணிக்கே கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியிருக்கிறது. கீழே வடவள்ளியில் இருப்பவர் சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போய்வருகிறார்.

என் மனதை அதிகம் உறுத்துவது இன்னொன்று. யானை நடக்கும் வழியில் ஒரு லேஅவுட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் யானை நடையை நிறுத்திவிடாது. பக்கத்துத் தோட்டத்து வழியாகப் போகும். அங்கே வாழையும் சோளமும் போட்டவர் ஒரு சென்ட்டுகூட விற்காத விவசாயியாக இருப்பார். ஒரே ராத்திரியில் அவர் வெள்ளாமை போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்குகிற இயற்கைக் காட்சிக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இனி காகிதங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் எந்த ஊரிலும் பார்க்க வேண்டியவைதான். இந்தப் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990-ல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள கிராமமாக இருந்தால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று இல்லாமல் லேஅவுட்டுக்கு அனுமதி கிடைக்காது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்திப்பட வேண்டாம், நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

அடுத்தது எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம். சர்வே எண்ணுக்குள்ளோ ஓரத்திலோ ஓடை போகிறதா என்று அதில் பாருங்கள். 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாசி, பங்குனியில் நேரில் போனால் ஓடை கண்ணுக்குத் தெரியாது. சீமைக்கருவேலம் மண்டிய சின்னத் தாழ்வாக இருக்கும்; சில இடங்களில் அதையும் மண் கொட்டி மேவியிருப்பார்கள். கீழே குனிந்து பார்த்தால் உருண்ட கூழாங்கல்லும் சன்ன மணலும் கிடக்கும். இந்த ஊர் மக்கள் அதைப் பள்ளம் என்பார்கள். ஐப்பசியில் மலையில் இரண்டு மணி நேரம் பெய்தால் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் வரும். இடையில் கட்டிய வீட்டைக் கேட்டுக்கொண்டு வராது. அப்படிப்பட்ட மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கைவைக்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, புரோக்கர் இல்லாமல் ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். அக்கம்பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடமோ டீக்கடைக்காரரிடமோ மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். போர் எத்தனை அடியில் தண்ணீர் கொடுக்கிறது? பெரிய மழையில் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போனது? யானை கடைசியாக எப்போது வந்தது? மூன்றாவது கேள்விக்கு அவர் "முந்தாநேத்து" என்று சொன்னால், கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு மனை பாருங்கள்.