உங்களுக்குத் தெரியுமா? வார்டுக்குள் வந்த பால்வெட்டு

● வைத்தியத்துக்கு நான்கு கூறு என்கிறது 950-ஆம் குறள்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பார்ப்பவர். அந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'உழைச்செல்வான்'. இன்றைய நர்சிங் கோட்பாடுகளுக்கும் அடிப்படை நான்குதான்: மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம். இந்தப் பட்டியலில் டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

● நம் குமரி மாவட்டத்து நெய்யூரில் மருத்துவப் பணி 1838-ல் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு தொடங்கியது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் செவிலியர் பள்ளி திறந்தது 1860-ல். நெய்யூர்ப் பணி தொடங்கி அப்போதே 22 ஆண்டு ஆகியிருந்தது!

● நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனை பிறந்த இடம் ஒரு குளியலறை. 1890-களில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் அங்கே வைத்துத்தான் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். பின்னாளில் ராணுவ மருத்துவராகி, 1919-ல் வஜீரிஸ்தானில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது உயிர்விட்டார். இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

● 'தன்னைத் தானே கவனித்துக்கொள்ள ஒருவரால் எவ்வளவு முடியும்? முடியாத மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சம்தான் நர்ஸின் வேலை.' டொரோத்தியா ஓரெம் 1971-ல் புத்தகமாக எழுதிய கோட்பாட்டை இப்படிச் சுருக்கலாம். நினைவில்லாதவருக்கு எல்லாமே நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவருக்குப் பாதி. வீட்டுக்குப் போகிற சர்க்கரை நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சொல்லிக்கொடுப்பது அவ்வளவு லேசா? குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'மாத்திரை காலையில், சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் இருக்கிறது. "பாட்டா, காலையில எப்பம் சாப்பிடுவிய?" என்று சிஸ்டர் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்: "விடியதுக்கு முன்ன வெட்டுக்குப் போயிருவேன் மக்களே. வந்து பத்து மணிக்குத்தான் மரச்சீனியும் மீனும்." மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். சீட்டில் தப்பில்லை, பாட்டாவின் விடியற்காலைதான் அதில் இல்லை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பதும், மரச்சீனியைத் தட்டில் பாதியாக்கி மீனைக் கூட்டச் சொல்வதும் ஓரெம் கோட்பாடேதான். அந்தப் பெயர் பாட்டாவுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

● மேடலின் லைனிங்கர் மானுடவியல் படித்த நர்ஸ். நியூகினியின் கட்சுப் மக்களோடு தங்கியிருந்து, பண்பாடு தெரியாமல் பராமரிப்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். நோயாளியின் வழக்கத்தை மூன்று விதமாக அணுகலாம் என்றார்: அப்படியே விடுவது, பேசி ஒத்துப்போவது, மாற்றுவது. நம்மூர்ப் பேறுகாலத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. தையல் ஆறியபின் வேது தண்ணீரில் குளியலா? இருக்கட்டும். பேறுகால மருந்தா? என்னென்ன சேர்கிறது என்று கேட்டு, டாக்டரிடமும் சொல்லிவிட்டு அளவு பேசலாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதும், பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதுமா? அதை மாற்றத்தான் வேண்டும். முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் 'கூடாது' என்று சொல்லும் நர்ஸின் பேச்சை எந்த மாமியாரும் கேட்கப்போவதில்லை.

● வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதருக்கு 14 அடிப்படைத் தேவைகளைப் பட்டியலிட்டார். முதலாவது மூச்சு. பதினோராவது, அவரவர் நம்பிக்கைப்படி வழிபடுவது. தலையணைக்கு அடியில் ஒருவருக்குத் திருநீறு, அடுத்தவருக்கு ஜெபமாலை, மூன்றாமவருக்குத் தக்கலை தர்காவில் மந்திரித்த கயிறு. படுக்கை விரிப்பை மாற்றும்போது அவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதும் செவிலியம்தான்.

● ரோப்பர், லோகன், டியர்னி மூவரும் 1980-ல் தந்த செவிலிய மாதிரியில் வாழ்வின் செயல்கள் 12. பன்னிரண்டாவது, இறப்பு. ஆம், வாழ்வின் செயல்களில்தான் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

● ஹில்டகார்ட் பெப்லாவின் புத்தகம் 1948-லேயே தயார். டாக்டர் ஒருவரின் பெயர் சேராமல் நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்று இழுத்தடித்ததில், 1952-ல்தான் வந்தது. நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே ஒரு சிகிச்சை என்பது அதன் சாரம். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு தூத்தூர் பக்கம் பல வீடுகளுக்கு உடல்கூடத் திரும்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் 'தூக்கம் வரவில்லை' என்று வந்து உட்காரும்போது, மாத்திரைக்கு முன்னால் வேண்டியது காது.

● பரீட்சைக்குப் பத்து மார்க் கேள்வி, வார்டில் கேர் பிளான் என்ற பெயரில் நிரப்பும் ஒரு தாள் என்று இந்தக் கோட்பாடுகளை முடித்துவிடுவது மாணவிகளின் குற்றமல்ல. ஐம்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர் என்றால் யார் யாரிடம் எதைக் கேட்பது?

● கடைசியாக, உங்களுக்கும் எனக்கும். நைட்டிங்கேல் தன் நர்சிங் குறிப்புகளில் காற்று, வெளிச்சம், சுத்தம் என்பதோடு நிற்கவில்லை. பார்க்க வருகிறவர்களின் வெற்று ஆறுதலையும் ஓசி ஆலோசனையையும் கண்டித்து ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். 'ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல எழும்பி நடப்பிய' என்பதும், 'எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், அப்புறம்…' என்று இழுப்பதும் அன்றைய லண்டனிலும் இருந்திருக்கிறது. ஆகவே அடுத்த முறை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டிலில் உட்காராதீர்கள், ஜன்னலை மறைத்து நிற்காதீர்கள். பார்வை நேரம் முடிந்தால் கிளம்பிவிடுங்கள். சிஸ்டரை மூன்றாவது முறை சொல்லவைக்காதீர்கள்.